கிஷினாவின் ஐந்தாவது மாடிகள்

மால்டோவாவின் தலைநகர் கிஷினாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகமாவது ஐந்து மாடிக் குடியிருப்புகள்தான். ஸ்டாலினுக்குப் பின் வந்த தலைவர் குருஷேவின் காலத்தில் சோவியத் யூனியன் முழுக்கக் கட்டித் தள்ளிய வீடுகள். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு வாசல்தான் இடம். லிஃப்ட் கிடையாது. அதனால் மேல்மாடியில் வாடகை குறைவு, மாணவர்கள் அங்கே போய்ச் சேருவார்கள். அவர்களுக்குப் பக்கத்து வீட்டில், இளவயதில் வீடு ஒதுக்கப்பட்டு ஏறி வந்து, எண்பதைத் தாண்டிய பிறகு இறங்க முடியாமல் போன யாராவது இருப்பார்கள். தரை பனியாக உறைந்துவிட்டால் மார்ச் வரை தெருவில் கால் வைக்காதவர்களை எனக்குத் தெரியும்.

நான் இருந்தது பொட்டானிக்கா பகுதியில். எதிர் வீட்டுப் பாட்டி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். கணவர் இறந்து பல வருடம். மகன் ஜெர்மனியில், மகள் இஸ்ரேலில். ஒரு சனிக்கிழமைக்கு முந்தின மதியம், அலுவலக அடையாள அட்டை தொங்கும் ஓர் அம்மா கீழே நின்று, நடைவண்டியை மேலே கொண்டுவர முடியுமா என்று கேட்டார். நம் ஊரில் வாக்கர் என்போமே, அதுதான். தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அவர் பாட்டியை நாற்காலியிலிருந்து எழச் சொல்லி, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்தார். கிளம்பும்போது என் போன் எண்ணை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் படிப்பு முடியும்வரை நான் 'பாரம் தூக்குகிற இந்தியப் பையன்'.

அந்த அம்மா வேலை பார்த்தது ஹெசெத் என்னும் யூத முதியோர் நல மையத்தில். முன்னாள் சோவியத் நாடுகளின் பல நகரங்களில் இப்படி மையங்கள் உண்டு. பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, நடத்துவது உள்ளூர்க்காரர்கள். பின்னால் நிற்கும் பெரிய அமைப்பின் பெயர் அமெரிக்க யூதக் கூட்டு விநியோகக் குழு. அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை, 'ஜாயிண்ட்' என்பார்கள்.

ஜாயிண்ட் ஆரம்பித்ததே ஒரு தந்தியில்தான். 1914 ஆகஸ்ட் 31 அன்று, ஒட்டோமான் பேரரசுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கெந்தாவ், நியூயார்க்கில் வங்கியாளராக இருந்த ஜேக்கப் ஷிஃபுக்குத் தந்தி அடித்தார். முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது, பாலஸ்தீனத்து யூதர்கள் பட்டினியை எதிர்நோக்குகிறார்கள், 50,000 டாலர் வேண்டும் என்பது செய்தி. பணம் திரண்டது. அப்புறம் ஆளுக்கொரு குழுவாக வசூல் கிளம்பியது: வசதியான ஜெர்மானிய வம்சாவளி யூதர்கள் ஒரு பக்கம், ஆசாரமான யூதர்கள் ஒரு பக்கம், சீக்கிரமே தொழிலாளர்களும் தனியாக ஒரு பக்கம். ஒருவரை ஒருவர் அவ்வளவாகச் சகித்துக்கொள்ளாத கூட்டம் இது. வசூலைத் தனித்தனியே வைத்துக்கொண்டு, விநியோகத்தை மட்டும் ஒன்றாகச் செய்வோம் என்று அந்த வருடம் நவம்பரில் ஒத்துக்கொண்டார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் இருந்து பழகியவர்களுக்கு, இந்த ஏற்பாட்டில் எவ்வளவு அனுபவஞானம் இருக்கிறது என்று உடனே புரியும்.

1920களில் இதே அமைப்பு கிரிமியாவிலும் தெற்கு உக்ரைனிலும் யூதக் குடும்பங்களை விவசாயத்தில் குடியமர்த்தியது. டிராக்டர் கொண்டுவந்தது, விதை கொண்டுவந்தது. 1938இல் ஸ்டாலின் அரசு கதவைச் சாத்தியது. அதைவிட மோசம் 1953. அந்த வருடம் ஜனவரி 13 அன்று பிராவ்தா பத்திரிகை, சோவியத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக மருத்துவர்கள் சிலரைக் குற்றம் சாட்டியது. பெரும்பாலும் யூதர்கள். அவர்களை ஆட்டிவைத்த உளவு அமைப்பு என்று ஜாயிண்டின் பெயரை அச்சிட்டிருந்தது. மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார், ஏப்ரலில் மருத்துவர்கள் விடுதலையானார்கள், வழக்கே பொய் என்று அரசே சொன்னது. ஆனால் பயம் போகவில்லை. நான் பழகிய ஒரு தாத்தா, அந்தச் செய்தி வந்தபோது பள்ளிக்கூடப் பையன். ஹெசெத் தந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஹெசெத் அனுப்பிய பெண் சமைத்த சூப்பைக் குடித்துக்கொண்டே, 'ஜாயிண்ட்' என்ற சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார். உதவி பெற்றதாகத் தம் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது என்று வருடக்கணக்காக மறுத்து, கடைசியில் உடம்பு முடியாமல்தான் கையெழுத்துப் போட்டாராம்.

அந்த ஊர் வரலாறு அப்படி. 1903 ஏப்ரலில் கிஷினாவில் நடந்த கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் பேசப்பட்ட கொடுமை அது. 1941இல் நகரத்தைப் பிடித்த ருமேனிய, ஜெர்மன் படைகள் யூதர்களை 'கெட்டோ' என்னும் தனி அடைப்புக்குள் அடைத்தார்கள், தப்பியோட முடிந்தவர்கள் தாஷ்கண்ட் வரை போனார்கள். இதெல்லாம் தெரியாமல் ஒரு முதியவரின் வீட்டுக்குப் போய் 'பாட்டி, சின்ன வயசில் எங்கே இருந்தீர்கள்?' என்று பேச்சுக்குக் கேட்டுவிடக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1980களின் கடைசியில் ஜாயிண்ட் மீண்டும் சோவியத் மண்ணுக்குள் அனுமதிக்கப்பட்டது. சீக்கிரமே சோவியத் யூனியனே இல்லாமல் போனது. சேமிப்பு காகிதமானது, ஓய்வூதியம் ரொட்டிக்குப் போதவில்லை, பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். முதல் ஹெசெத் 1993இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கப்பட்டது. அதிலேயே ஒரு விஷயத்தை உறுதியாக வைத்தார்கள்: உதவி வாங்குபவர்களே தன்னார்வலர்களாகவும் இருப்பார்கள். நான் பார்த்தவரை இதுதான் எல்லாவற்றையும் தாங்கியது. நடக்க முடிந்த எழுபது வயதுக்காரர், நடக்க முடியாத தொண்ணூறு வயதுக்காரருக்குத் தினமும் காலையில் போன் செய்வார். ஓய்வுபெற்ற வாட்ச் ரிப்பேர்க்காரர் மையத்தில் உட்கார்ந்து கண்ணாடி, ரேடியோ, கைத்தடி எல்லாம் பழுது பார்ப்பார். முன்னாள் கணக்கு டீச்சர் ஒருவர், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கான கட்டண ரசீதுகளைச் சரிபார்த்து, தப்பாக வந்திருந்தால் அலுவலகத்தோடு சண்டை போட்டுக் கொடுப்பார். இவர்கள் யாருமே தங்களைத் தர்மம் வாங்குபவராக நினைத்ததில்லை. இளைஞர்களைப் பிடித்து முதியவர்களுக்குச் சேவை செய்ய வைப்பது நல்லதுதான். ஆனால் நாங்கள் தேர்வு வந்தால் காணாமல் போய்விடுவோம். அவர்கள் போகவில்லை.

சாப்பாட்டு உதவியில் நான் கற்றது அதிகம். ஆரம்ப வருடங்களில் மூட்டை கட்டிக் கொடுத்தார்களாம்: கிரேச்கா என்னும் பக்வீட் தானியம், எண்ணெய், மாவு, சர்க்கரை, மீன் டின். சர்க்கரை நோயாளிக்கும் சர்க்கரை போகும். பல் இல்லாதவருக்கும் கெட்டி பிஸ்கட் போகும். அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவது இன்னொரு கஷ்டம். பிறகு சூப்பர்மார்க்கெட் அட்டைக்கு மாறினார்கள். மாதாமாதம் அதில் ஒரு தொகை ஏறும், வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம், மதுவும் சிகரெட்டும் மட்டும் வாங்க முடியாது. கடையில் மற்றவர்கள் நீட்டும் அட்டை போலவேதான் இருக்கும் என்பதால் கூச்சம் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் கொடுப்பது அதில் இரண்டாவது உயர்ந்த படி. அதற்கும் மேலே ஒன்றுதான் உண்டு, ஒருவரைக் கையேந்தத் தேவையில்லாதபடி வேலையிலோ தொழிலிலோ நிறுத்துவது. எண்பது வயதில் அதற்கு வழியில்லை, ஆகவே இந்த அட்டை.

ஆனால் அட்டை கொடுத்துவிட்டால் முடிந்தது என்று இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரின் அட்டை யார் கையில் இருக்கிறது? பராமரிப்புப் பெண் வாங்கி வருகிறார் என்றால் ரசீது எங்கே? ரசீதுகளை ஒரு உறையில் போட்டு ஃபிரிட்ஜின் மேல் வைக்க வேண்டும் என்பது எளிமையான விதி. அது அந்தப் பெண்ணைச் சந்தேகப்படுவதற்காக இல்லை. 'அவள் என் பணத்தில் வெண்ணெய் வாங்கித் தின்கிறாள்' என்று மறதி நோயில் பாட்டி ஒருநாள் புகார் சொல்லும்போது, அந்த உறைதான் அவளைக் காப்பாற்றும்.

பராமரிப்புப் பெண்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள், பெரும்பாலும் ஐம்பதை நெருங்கியவர்கள், பலர் யூதர்களே இல்லை, கழுத்தில் சிலுவை தொங்கும். குளிப்பாட்டுவது, சமைப்பது, துவைப்பது, மருத்துவரிடம் கூட்டிப்போவது எல்லாம் இவர்கள் கையில். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது அந்த முதியவரின் உடல்நிலையைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும். மால்டோவாவில் இந்த வேலை தெரிந்த பெண்கள் இத்தாலிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் மால்டோவப் பெண்கள் ஏராளம், சம்பளம் பல மடங்கு. அதனால் ஒரு பாட்டி பழகிய பெண்ணை இழந்து, புதிய முகத்துக்குப் பழகி, அவரையும் இழப்பது அடிக்கடி நடக்கும். நன்கொடையாளர்களுக்குக் காட்டும் படங்களில் சூப்பும் சிரிப்பும் இருக்கும். ஆனால் பணத்தைக் கேட்க வேண்டியது இந்தப் பெண்களின் சம்பளத்துக்குத்தான் என்பது என் எண்ணம். வெளிநாட்டு முதியோர் உதவித் திட்டம் எதையாவது ஆதரிக்க நினைப்பவர்கள், 'நேரடியாகப் பயனாளிக்குப் போகும் பங்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்கிறார்கள். பராமரிப்பவர்கள் சராசரியாக எத்தனை வருடம் தங்குகிறார்கள் என்றும் கேளுங்கள்.

வீடுகளுக்குப் போய்ப் பழகியதில் தேறிய சில்லறை விஷயங்கள் உண்டு. யாருக்காவது உதவும்.

முன்கூட்டியே மையத்திலிருந்து போன் போக வேண்டும். சமூக நல அலுவலகத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லி முதியவர்களை ஏமாற்றும் கும்பல்கள் அங்கே நிறைய. கதவு திறக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், திறக்காததுதான் சரி. வாசற்படியைத் தாண்டும் முன் கை குலுக்கவோ பொருளைக் கொடுக்கவோ கூடாது, ஆகாது என்பார்கள். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றி, வீட்டுச் செருப்பு போட வேண்டும். நான் பையில் என்னுடையதையே வைத்திருந்தேன். பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள், இரட்டைப்படை இழவுக்கு. பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து அழைப்பதுதான் அங்கே மரியாதை. பாட்டி, தாத்தா என்று ரஷ்ய மொழியில் அழைத்தால் பலருக்குப் பிடிக்காது. எதிர் வீட்டுப் பாட்டி என்னைச் 'சினோக்' என்று, அதாவது மகனே என்று, கூப்பிடுவார். ஆனாலும் நான் அவரை முழுப்பெயரில்தான் அழைக்க வேண்டும்.

தேநீரை மறுக்கக் கூடாது. தேநீர் என்றால் ஜாம், ரொட்டி, ஊறுகாய், போன கோடையில் பாட்டிலில் அடைத்த செர்ரிச் சாறு எல்லாம் சேர்த்துத்தான். ஒரு மாலையில் மூன்று வீடு என்று திட்டம் போட்டால் மூன்றாவது வீட்டில் வயிறு தாங்காது. உங்களிடம் அவர்கள் எதிர்பார்ப்பது மருந்தை விடவும் ஒரு மணி நேரப் பேச்சு என்பதால், வீடுகளைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

'நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?' என்ற கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்றே சொல்வார்கள். பால் எடுக்கட்டுமா என்று அனுமதி கேட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் பதில் அதில் இருக்கும். 'உங்களால் எழ முடிகிறதா?' என்று கேட்காமல், அந்த அடையாள அட்டை அம்மா செய்தது போல, எழுந்து காட்டச் சொல்லுங்கள். மருந்து டப்பாவில் ஒரே மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருப்பது சர்வ சாதாரணம். மருத்துவ மாணவர் என்பதற்காக நீங்களே எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், எழுதிக்கொண்டு போய் மையத்தின் செவிலியரிடம் கொடுங்கள். கையில் பணம் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் வருகிறேன் என்று வாய்வார்த்தைக்குக்கூடச் சொல்லாதீர்கள், செவ்வாய்க்கிழமையிலிருந்தே ஜன்னலில் காத்திருப்பார்கள்.

உபகரணங்களை இரவல் கொடுக்கும் முறை மிக நல்லது. இஸ்ரேலில் யாத் சாரா என்ற தொண்டு அமைப்பு 1976 முதல் இதைச் செய்கிறது, ஹெசெத்களும் அந்த வழியில்தான். சக்கர நாற்காலி, நடைவண்டி, கழிப்பறை நாற்காலி, குளியல் தொட்டியின் மேல் போடும் பலகை எல்லாம் கிடைக்கும், தேவை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் இரண்டு சிக்கல். ஒன்று, குருஷேவ் வீட்டுக் குளியலறைக் கதவில் சாதாரணச் சக்கர நாற்காலி நுழையாது. அளக்காமல் மேலே தூக்கிப் போனால் இறக்கித்தான் வர வேண்டும். இன்னொன்று, கைத்தடி, நடைவண்டிக் காலின் ரப்பர். தேய்ந்தால் யாரும் கவனிப்பதில்லை, பனியில் அதுதான் ஆளைக் கவிழ்க்கும். நான் பையில் எப்போதும் சில ரப்பர் மூடிகள் வைத்திருப்பேன்.

யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கு முன் மாட்சா ரொட்டிப் பெட்டிகளோடு மாடி ஏறுவோம். புளிக்காத மாவில் சுட்ட, உப்பு சப்பில்லாத தகடு அது. சோவியத் காலத்தில் தலையணை உறைக்குள் ஒளித்துக் கொண்டுவருவோம் என்று ஒரு பாட்டி சொன்னார். சொல்லிவிட்டு, மாட்சா பக்கத்திலேயே சாதாரண ரொட்டியையும் வெட்டி வைத்தார். விதிப்படி இரண்டும் ஒரு மேசையில் இருக்கவே கூடாது. மையத்து ஆள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. யூதரை மணந்த கிறித்தவ விதவைகளும் பட்டியலில் இருந்தார்கள், அவர்களுக்கும் பெட்டி போனது.

இனி எனக்குக் கசந்த விஷயம். ஒரே படிக்கட்டில் இரண்டு பெண்கள், ஒருவர் 1943இல் பிறந்தவர், இன்னொருவர் 1947இல். ஓய்வூதியம் கிட்டத்தட்ட ஒன்று, மூட்டு வலி இளையவருக்கே அதிகம். ஆனால் மூத்தவர் நாஜிக் கொடுமைக்கு ஆளானவர் என்ற வகைக்குள் வருவார். அவருக்கான பராமரிப்பு மணிநேரம், ஜெர்மனி தரும் இழப்பீட்டுப் பணத்திலிருந்து வருகிறது. 1951இல் அமைக்கப்பட்ட கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு ஜெர்மன் அரசோடு பேசி வாங்கித் தரும் பணம் அது, ஜாயிண்ட் போன்றவை வழியாக வீடுகளுக்குப் போய்ச் சேரும். போருக்குப் பின் பிறந்தவருக்கு அது கிடையாது. அமெரிக்க யூதக் கூட்டமைப்புகளும், யூதர்களுக்கு உதவும் கிறித்தவ நன்கொடையாளர்களும் தரும் பணத்தில் அவருக்குக் கொஞ்சம் கிடைக்கும். இழப்பீடு இழந்தவர்களுக்குத்தான் போக வேண்டும், அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் படிக்கட்டில் நின்று 'அவளுக்கு வாரத்தில் இத்தனை நாள் ஆள் வருகிறது, எனக்கு ஏன் இல்லை?' என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? அங்கே வேலை பார்த்தவர்கள் ஒரே மாதிரி பதிலைப் பழகி வைத்திருந்தார்கள்: இது என் முடிவு இல்லை, பணம் கொடுத்தவர்களின் விதி, உங்களுக்கு வேறு வழியில் என்ன முடியும் என்று பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றால் உண்மையிலேயே பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒரு தன்னார்வலரை அனுப்புவார்கள். நான் அடிக்கடி போனது இளையவர் வீட்டுக்குத்தான்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு எல்லாம் தலைகீழானது. உக்ரைனின் ஒடேசாவிலிருந்து பலாங்கா எல்லை வழியாக மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நம் தமிழ் மாணவர்களும் அந்த வழியில் வந்து, மால்டோவாவின் வான்வெளி மூடியிருந்ததால் பேருந்தில் ருமேனியா போய் விமானம் ஏறினார்கள். யூத அமைப்புகள் ஹோட்டல்களை வாடகைக்கு எடுத்தன. எப்போதும் உதவி வாங்கும் இடத்தில் இருந்த கிஷினாவ் முதியவர்கள் தேநீர் போட்டார்கள், வீட்டில் இருந்த கம்பளியைக் கொண்டுவந்தார்கள். புதிதாக எதுவும் தொடங்க வேண்டியிருக்கவில்லை: யார் எந்த மாடியில் இருக்கிறார், யாருக்கு இன்சுலின், யாரிடம் சக்கர நாற்காலி என்ற பட்டியல் கையில் இருந்தது, அதை வைத்தே உக்ரைன் பக்கமும் வேலை நடந்தது. நாஜிகளிடம் தப்பிய சில முதியவர்களை உக்ரைனிலிருந்து ஆம்புலன்ஸில் ஜெர்மனியின் முதியோர் இல்லங்களுக்கே கொண்டுபோனார்கள். 1953ஐச் சொல்லிப் பயந்த தாத்தா இந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நெடுநேரம் சிரித்தார்.

சரி, அங்கே படிக்கப் போகும் யாருக்காவது இந்த வேலையில் சேர விருப்பம் இருந்தால்: யூதராக இருக்க வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இதே ஜாயிண்ட் இலங்கையிலும் இந்தியாவிலும் நிவாரண வேலை செய்தது என்று சொன்னால் பேச்சு சுலபமாகத் தொடங்கும். ருமேனிய மொழி பல்கலைக்கழகத்துக்குத் தேவை, ஆனால் இந்த வீடுகளில் ரஷ்ய மொழிதான் பேச்சு, முதல் வருடத்திலேயே கொஞ்சம் பழகிவிடுங்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் மையம் மூடியிருக்கும். தேர்வு மாதங்களில் வர முடியாது என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள், அந்த நாட்களுக்கு வேறு ஆளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன், நீங்கள் போய்வந்த வீடுகளுக்கு ஜூனியர் ஒருவரைக் கூடவே அழைத்துப் போய் சில வாரம் அறிமுகப்படுத்துங்கள். வீட்டுச் செருப்பின் அளவு பொருந்தினால் அதையும் அவரிடமே கொடுத்துவிடலாம்.